ஊசியும் ஏணையும்

நன்னூலின் பாயிரத்திலே ஓர் உவமை வருகின்றது. நூல் என்ற சொல்லுக்கு ஏடு என்றும் இழை என்றும் இரு பொருள் இருப்பதைக் கொண்டு அந்த உவமை அமைந்திருக்கின்றது. சொல்லைப் பஞ்சு என்றும், செய்யுளை அந்தப் பஞ்சிலிருந்து திரிந்து வரும் இழை என்றும், வாயைக் கை என்றும், அறிவைக் கதிர் என்றும் அது கூறுகின்றது. அப்படியானால் புலவனுக்கு உவமை யார்? நூல் நூற்கும் பெண்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண ஆசிரியரான பவணந்தி முனிவர், புலவன் செய்யும் வேலை எத்தகையது என்று மாணவனுக்கு விளக்க, வீட்டுக்குள் இருந்து நூல் நூற்ற ஒருத்தியையே அழைத்து வந்து காட்டுகிறார்.

உவமையாக வந்த அந்தப் பெண்ணுக்கென்று ஒரு வரலாறு உண்டா? புலவர்களுக்கு வரலாறு எழுதியிருக்கிறோம். அரசர்களுக்கும், அவர்கள் உடுத்த பட்டுக்கும்கூட எழுதியிருக்கிறோம். கைக்குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு நூற்றவள், தைத்தவள், கிழிசல் பொத்தியவள், எஞ்சிய துண்டுத் துணியில் பொம்மை செய்து கொடுத்தவள் ஆகியோரின் வரலாறு எங்கே இருக்கின்றது? இன்றைய உரையில் அதைச் சிறிது தேடிப் பார்க்கலாம்.

சங்க இலக்கியத்திலே அவள் சில இடங்களில் தென்படுகிறாள். புறநானூற்றில் தங்கால் பொற்கொல்லனார் பாடிய ஒரு பாட்டில், இரவில் காட்டுப் பூனைக்கு அஞ்சிப் பேட்டுக் கோழி ஒன்று அலறுகின்றது. அவ்வேளையில் பஞ்சின் கழிவுகளைத் தட்டிச் சுத்தம் செய்வதற்காக எழுந்த பருத்திப் பெண்டின் சிறு விளக்கொளியிலே தன் சேவலைக் கண்டு அந்தக் கோழி அச்சம் தணிகின்றது. ஊர் உறங்கிய பிறகும் அவளுடைய வேலை முடியவில்லை என்பது இதனால் புலனாகும். நற்றிணையில் கபிலர், கணவரை இழந்த பெண்கள் முயன்று நூற்ற மெல்லிய நூலை உவமையாக எடுத்தாள்கிறார். ஆண் துணையற்ற பெண்ணுக்கு நூல் நூற்பதே பிழைப்பாக இருந்தது என்ற செய்தி, வேறொன்றைச் சொல்ல வந்த பாட்டிலே தற்செயலாகப் பதிவாகியிருக்கின்றது. அவளருகே ஏணை கட்டியிருந்ததா, அதிலே பிள்ளை உறங்கியதா என்று பாட்டு சொல்லவில்லை.

தையலைத் தொழிலாகச் செய்த ஆண்களின் நிலை வேறு. புகார் நகரின் தொழிலாளரைப் பட்டியலிடும் சிலப்பதிகாரம், துன்னகாரர் என்று தையற்காரருக்கு ஒரு பெயரும் நகரத்தில் ஓர் இடமும் கொடுக்கின்றது. வீட்டிலே தைத்தவளுக்கு அப்படியொரு பெயர் இல்லை. அவளை அம்மா என்றுதான் அழைத்தார்கள்.

நூலும் ஊசியும் ஏன் பெண்ணின் கைக்கு வந்தன? பெண்ணின் விரல் மெல்லியது, அவள் பொறுமை மிக்கவள் என்றெல்லாம் நாம் விடை சொல்லிப் பழகிவிட்டோம். 1970 ஆம் ஆண்டு ஜூடித் பிரவுண் என்ற அமெரிக்க மானிடவியலாளர், சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையில் வேறொரு விடையை முன்வைத்தார். சிறு குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை எதுவோ, அதுவே பெரும்பாலும் பெண்ணிடம் வந்து சேர்கின்றது என்பது அவருடைய கருத்து. அத்தகைய வேலைக்குச் சில இயல்புகள் இருக்க வேண்டும். முழுக் கவனத்தையும் அது கேட்கக்கூடாது. இடையில் நிறுத்தவும், விட்ட இடத்திலிருந்து தொடரவும் கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் தவழும் பிள்ளைக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது. வீட்டை விட்டு வெகுதூரம் போகவேண்டியதாகவும் இருக்கக்கூடாது.

இவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். கொல்லனின் உலை இதற்குள் அடங்காது. ஆழ்கடல் மீன்பிடி அடங்காது. நூற்பும், தையலும், பின்னலும் மிக நன்றாக அடங்கும். எலிசபெத் வேலண்ட் பார்பர் என்ற ஆய்வாளர் 1994 இல் வெளியிட்ட ஒரு நூலில், இருபதாயிரம் ஆண்டுக்காலப் பெண்களின் வேலையை இந்தக் கருத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார். அவர் தாமே நெசவு தெரிந்தவர். தொல்லியல் குழியில் கிடைத்த துணித் துண்டை, அதைச் செய்தவளின் கண்ணால் பார்க்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது.

இது இயற்கையின் விதி அன்று. தமிழகத்தில் சந்தைக்காகத் தறியில் நெய்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. அந்தத் தறிக்கு வேண்டிய நூலை வீடுகளிலிருந்து தந்தவர்கள் பெண்கள். குழந்தையின் அழுகைக்குச் செவிகொடுக்கக் கூடிய வேலை வீட்டில் தங்கியது. மற்றது வெளியே சென்று தொழில் என்ற பெயரையும் கூலியையும் பெற்றது. இங்கேதான் இந்த வரலாற்றின் சிக்கல் தொடங்குகின்றது. பிள்ளை அழுதால் கீழே வைத்துவிட்டு எழக்கூடிய வேலை என்பதாலேயே அது தாய்க்கு உதவியது. அப்படிக் கீழே வைத்துவிட்டு எழக்கூடியது என்பதாலேயே உலகம் அதை வேலையென்று கணக்கெடுக்கவும் தவறியது.

கண் துளையிட்ட எலும்பூசிகள் சைபீரியாவிலே கிடைத்திருக்கின்றன. அவற்றுள் பழையவை ஏறத்தாழ நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஊசி மிஞ்சியது, அது தைத்த உடை மிஞ்சவில்லை. கல்லும் எலும்பும் மட்கிப்போக நாளாகும். துணியோ வெயிலிலும் மழையிலும் சில காலத்திலேயே அழிந்துவிடும். அதிலும் குழந்தையின் துணி இன்னும் விரைவாக அழிந்துவிடும். மூத்த பிள்ளையிடமிருந்து இளைய பிள்ளைக்கும், அதனிடமிருந்து அடுத்ததற்கும் போய், இறுதியில் அடுப்படித் துணியாகி முடியும். தாய்மாரின் கைவேலைக்குச் சான்று அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனினும் சான்று முற்றாக இல்லாமற் போகவில்லை. வங்காளத்துக்குச் செல்வோம். பிறந்த குழந்தைக்குப் பழைய துணியே முதலில் ஆகும் என்ற வழக்கம் நம்மிடையேயும் உண்டு. பலமுறை தோய்த்துத் தோய்த்து மென்மையான சேலைத் துணி புதுத் துணியைப் போலப் பச்சை உடம்பை உறுத்தாது. வங்கத்துப் பெண்கள் அத்தகைய பழஞ்சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே ஓட்டுத் தையல் போட்டு இணைத்தார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். குழந்தையைச் சுற்றவும், கிடத்தவும், குளிர் காலத்தில் போர்த்தவும் அது பயன்பட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள் அதில் எதுவும் இல்லை. நாட்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், ஓய்ந்த நேரங்களில் போட்ட தையல்தான் அதன் முதல்.

வங்கக் கவிஞர் ஜசிமுத்தீன் 1929 இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைப் பாடலில், கணவனைப் பிரிந்த கிராமத்துப் பெண்ணொருத்தி தன் வாழ்க்கைக் கதையையே அத்தகைய ஒரு விரிப்பிலே தைத்து வைக்கிறாள். எழுதத் தெரியாதவள் எழுதிய சுயசரிதை அது என்று கூறலாம். 1971 போருக்குப் பின்னர் வங்காளதேசத்தில் கணவரை இழந்த பெண்களுக்குப் பிழைப்பாகக் கைகொடுத்தவற்றுள் இந்தத் தையலும் ஒன்று. நற்றிணைப் பெண்ணின் நிலை ஈராயிரம் ஆண்டு கழித்தும் மாறவில்லை.

யப்பானிலே இன்னொரு வழக்கம் இருந்தது. பெரியவர்களின் கிமோனோ உடையில் முதுகின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடும். யப்பானிய மொழியில் தையலைக் குறிக்கும் சொல்லில் கண் என்ற சொல்லும் அடங்கியிருக்கின்றது. எனவே முதுகுத் தையல், பின்னாலிருந்து வரும் தீங்கைப் பார்த்துக் காக்கும் என்பது நம்பிக்கை. கைக்குழந்தையின் உடையோ ஒரே அகலத் துணியில் ஆனது. அதன் முதுகில் தையல் இல்லை. காவலற்ற அந்த முதுகிலே தாய் சில தையல்களை இட்டாள்; சிலவேளை ஒரு சிறு பூவைத் தைத்தாள். அதற்கு முதுகுக் காவல் என்ற பொருளில் செமமோரி என்று பெயர். நூலின் நுனியை நீளமாகத் தொங்கவும் விடுவார்கள். பிள்ளை அடுப்பு நெருப்பில் விழப்போனால் தெய்வம் அந்த நூலைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்குமாம். கனசாவா நகரப் பகுதியில் பல வீடுகளிலிருந்து கேட்டு வாங்கிய துணித் துண்டுகளை இணைத்துக் குழந்தைக்கு உடை தைக்கும் வழக்கமும் இருந்தது. நன்றாக வளர்ந்த பிள்ளைகளின் ஆயுளும் நலமும் அந்தத் துண்டுகளோடு தங்கள் பிள்ளைக்கும் வந்து சேரும் என்று பெற்றோர் நம்பினார்கள்.

இவற்றை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிறந்த பிள்ளைகளிலே பல ஐந்து வயதைக் காணாத காலம் அது. மருந்தும் மருத்துவரும் எட்டாத தாய் தன் கைக்கு எட்டிய ஊசியை எடுத்தாள். அந்தத் தையலில் இருப்பது அவளுடைய அச்சம்.

அந்த அச்சம் அரசாங்க ஆவணம்போல ஒழுங்காகப் பதிவாகியிருக்கும் ஓர் இடம் லண்டன் மாநகரிலே உண்டு. தோமஸ் கோரம் என்ற கப்பற் தலைவர், வறுமையால் கைவிடப்பட்டுத் தெருவிலே கிடந்து மடிந்த குழந்தைகளைக் கண்டு மனம் பொறாது பல்லாண்டு முயன்று ஒரு காப்பகத்துக்கு அரச அனுமதி பெற்றார். அது 1741 இல் குழந்தைகளை ஏற்கத் தொடங்கியது. பிள்ளையை ஒப்படைக்கும் தாயிடம் பெயர் கேட்பதில்லை. பிள்ளைக்கும் புதுப் பெயர் சூட்டுவார்கள். பின்னொருநாள் நிலைமை சீரடைந்து அவள் திரும்பி வந்தால் எந்தப் பிள்ளை அவளுடையது என்று எப்படி அறிவது? அதற்காகப் பதிவுத் தாளிலே ஒரு துணித் துண்டைக் குத்தி வைத்தார்கள். சில துண்டுகள் தாய் கொடுத்தவை. பல, குழந்தை உடுத்து வந்த உடையிலிருந்து காப்பகத்து எழுதுவினைஞர் வெட்டியவை.

அந்தத் துண்டுகளில் ஏறத்தாழ ஐயாயிரம் இன்றும் இருக்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழை எளியவர் அன்றாடம் உடுத்த துணிகளின் மிகப் பெரிய சேமிப்பு அதுவேயாகும். ஜோன் ஸ்டைல்ஸ் என்ற வரலாற்றாசிரியர் அவற்றை ஆராய்ந்து 2010 இல் லண்டனில் ஒரு கண்காட்சியாக வைத்தார். ராணிகளின் ஆடைகளைக் காத்துவந்த நாட்டிலே, தாய்மார் தங்கள் பழைய கவுணை வெட்டிப் பிள்ளைக்குத் தைத்த சட்டையின் கைத்துண்டு காக்கப்பட்டதற்குக் காரணம், அந்தத் தாய்மார் பிள்ளையைப் பிரிய நேர்ந்ததுதான். பிரியாத தாய்மாரின் கைவேலை ஒன்றுகூட அவ்விதம் சேர்த்து வைக்கப்படவில்லை.

1767 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சாரா பெண்டர் என்ற தாய் சார்ள்ஸ் என்ற தன் மகனை அங்கே ஒப்படைத்தாள். பலவகைச் சிறு துணிகளை இணைத்து, அதன்மேல் ஓர் இதயத்தை ஊசியால் தைத்து, அந்த இதயம் இரண்டாகும்படி நடுவே வெட்டி, ஒரு பாதியைப் பிள்ளையோடு அனுப்பினாள். காப்பகம் பிள்ளைக்கு பெஞ்சமின் என்று வேறு பெயர் இட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1775 ஜூன் மாதம், அவள் வந்து மகனைத் திரும்பப் பெற்றாள். இப்படி மீண்டவர்கள் மிகச் சிலரே. 1741 முதல் 1760 வரை அங்கே சேர்க்கப்பட்ட 16,282 குழந்தைகளில் பெற்றவர்கள் மீட்டுச் சென்றது 152 குழந்தைகளை மட்டுமே. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் அங்கிருந்தபோதே இறந்துபோயின.

அந்த ஐயாயிரம் துண்டுகளும் ஓர் உண்மையைச் சொல்கின்றன. எழுத்தறியாத தாய்க்குத் துணியே கையெழுத்தாக இருந்தது.

வீட்டுத் தையலைப் போற்றிப் பேசும்போது ஒரு தவறு நேர்ந்துவிடக் கூடாது. அது எப்போதும் அன்பின் வேலையாக மட்டும் இருந்ததில்லை. அதே லண்டனில், 1843 இல், லம்பெத் பகுதியில் கணவனை இழந்த ஒருத்தி முதலாளி ஒருவருக்காக வீட்டிலிருந்தே உடை தைத்துக் கொடுத்து வந்தாள். அவளுக்குச் சிறு பிள்ளைகள் இருவர். பசி தாங்காத பிள்ளைகளுக்காக, தைக்கத் தந்த துணிகளை அவள் அடகு வைத்துவிட்டாள். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. வாரம் முழுவதும் உழைத்தால் அவள் ஈட்டக்கூடியது ஏழு சிலிங் என்பது அங்கே வெளிப்பட்டது. அந்தச் செய்தி தோமஸ் ஹூட் என்ற கவிஞரின் நெஞ்சைத் தொட்டது. 'சட்டையின் பாடல்' என்ற அவருடைய கவிதை அவ்வாண்டு நத்தாரின்போது பஞ்ச் சஞ்சிகையில் வெளிவந்து இங்கிலாந்தையே உலுக்கியது. அவர் கல்லறையிலும் அந்தப் பாடலைப் பாடியவர் என்றே பொறித்தார்கள்.

பிள்ளையோடு வீட்டில் இருந்து செய்யலாம் என்ற வசதியே அவளுக்குப் பொறியாக முடிந்ததைக் கவனியுங்கள். வேறு இடத்துக்கு வேலைக்குப் போக அவளால் முடியாது. முடியாது என்பதை முதலாளி அறிவார். ஆகவே கூலியை அவரே தீர்மானித்தார்.

இந்தத் துன்பத்தைத் தையல் இயந்திரம் தீர்த்துவிடும் என்று பலரும் நம்பினார்கள். இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தியடிகள்கூட 1924 இல், சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் கண்டு அவள்மேல் கொண்ட அன்பினால் சிங்கர் அதை அமைத்தார் என்பது அடிகள் கேட்டிருந்த கதை. வரலாற்றில் ஐசக் சிங்கர் அப்படிப்பட்டவர் அல்லர். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களும் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் உள்ளவர். இலாபம் கருதியே இயந்திரத் தொழிலில் இறங்கியவர். அந்தக் கதை சிங்கருக்கு முன்னர், 1846 இல், காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவ் என்பவருக்கே ஓரளவு பொருந்தும். ஹோவ் நோயுற்றிருந்த காலத்திலே அவர் மனைவி மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு பிறருக்குத் தைத்துக் குடும்பத்தை நடத்தினார். அதைப் பார்த்திருந்தே அவர் தம் இயந்திரத்தை உருவாக்கினார் என்பார்கள். ஆனால் இயந்திரம் பணம் ஈட்டுமுன்னரே அந்த மனைவி காச நோயால் இறந்துபோனார்.

இயந்திரம் வேலையைக் குறைத்ததா? கையால் ஏறத்தாழ 14 மணித்தியாலம் எடுத்த ஆண்களின் சட்டை ஒன்று, இயந்திரத்திலே ஒன்றேகால் மணித்தியாலத்தில் முடிந்தது என்று அக்காலத்துக் கணக்குகள் கூறுகின்றன. எனினும் மிஞ்சிய நேரம் தாய்க்குக் கிடைக்கவில்லை. முன்னர் இரண்டு சட்டையோடு வளர்ந்த பிள்ளைக்கு இப்போது ஆறு சட்டை தேவைப்பட்டது. சட்டைக்கு மடிப்பும் சுருக்கும் தேவைப்பட்டன. ரூத் ஷ்வார்ட்ஸ் கவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983 இல் வெளியிட்ட தம் நூலிலே, வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் தாயின் வேலையைக் குறைக்காமல் கூட்டியதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அத்தோடு, ஓடும் ஊசியும் சுழலும் சில்லும் தவழும் பிள்ளைக்கு ஏற்றவை அல்ல. கையூசியைப் பகலில் பிள்ளையின் அருகே பிடிக்கலாம். இயந்திரத்தைப் பிள்ளை உறங்கிய பின்னரே மிதிக்க முடியும். ஆதலால் பருத்திப் பெண்டின் இரவு விளக்கு மறுபடியும் எரியத் தொடங்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். தைக்காத சேலையும் வேட்டியும் வழங்கிய நம் சமூகத்தில், தையல் ஒரு பாடமாக வந்தது மிஷன் பாடசாலைகளோடுதான். 1824 இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் 1862 இல் பெரிய தமிழ் - ஆங்கில அகராதியை வெளியிட்ட மிரன் வின்ஸ்லோ அவருடைய கணவரே. தம் சொந்தப் பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டே அம்மையார் அந்தப் பாடசாலையை நடத்தி, 1833 இல் இங்கேயே மறைந்தார். அங்கே எழுத்தும் எண்ணும் ஊசியும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. பெண்ணுக்கு எழுத்து வேண்டுமா என்று தயங்கிய சமூகம் ஊசி வேண்டுமா என்று தயங்கவில்லை. ஊசியின் பின்னால் எழுத்து வீட்டுக்குள் வந்தது என்று சொன்னால் மிகையாகாது. கணவரின் அகராதி நூலகங்களில் நிலைத்திருக்கின்றது. அந்தப் பாடசாலையில் தையல் பயின்ற சிறுமியர் பின்னாளில் தம் பிள்ளைகளுக்குத் தைத்த சட்டைகளை எந்த நூலகத்தில் தேடுவது?

சிங்கர் நிறுவனம் 1877 இல் இலங்கைக்கு வந்தது. அமெரிக்காவில் 1856 இலேயே அது புகுத்திய தவணைக் கொடுப்பனவு முறை, இங்கேயும் இயந்திரம் நடுத்தரக் குடும்பங்களை அடைய வழி செய்தது. ஐம்பது வயதைக் கடந்த நேயர்கள் பலருக்குத் தங்கள் வீட்டுக் கால்மிதி மெஷினின் ஓசை இன்றும் காதில் இருக்கும். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரவுகளில் அது ஓயாது. ஒரே புடவைக் கட்டிலிருந்து வெட்டிய துணியில் அக்காவுக்குக் கவுண், தம்பிக்குச் சட்டை, மிஞ்சிய துண்டில் தலையணை உறை, அதிலும் மிஞ்சியதில் பஞ்சடைத்த பொம்மை என்று எல்லாம் வரும். வளரும் பிள்ளைக்கென்று கீழ் மடிப்பை அகலமாக விட்டுத் தைப்பார்கள். அடுத்த ஆண்டு அதை அவிழ்த்து நீட்டும்போது பழைய மடிப்பின் கோடு மட்டும் துணியிலே தெரியும். பிள்ளை ஓர் ஆண்டில் எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு அந்தக் கோடே பதிவேடு.

1990களின் முற்பகுதியில் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது. நல்ல திட்டம். கொடுத்தது துணிதான் என்பதைக் கவனியுங்கள். இலட்சக் கணக்கான பிள்ளைகளுக்கு எத்தனை யார் துணி, அதன் விலை என்ன என்பதெல்லாம் கணக்கிலே வந்தன. அதைச் சீருடையாக்கிய கைகளின் உழைப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறவில்லை. அது அம்மாவின் வேலை என்று நாடே எடுத்துக்கொண்டது.

இதே காலத்திலே ஊசி இன்னொரு வாசல் வழியாக வீட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978 இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் இயங்கத் தொடங்கியது. 1986 இல் ஆடை ஏற்றுமதி தேயிலையை விஞ்சியது. 1992 இல் கிராமப் புறங்களுக்கு இருநூறு ஆடைத் தொழிற்சாலைகள் என்ற திட்டம் வந்தது. ஆயிரக் கணக்கான பெண்கள் தையலுக்குக் கூலியும் தொழிலாளி என்ற பெயரும் பெற்றார்கள். இதைச் சிறிதென்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மணமாகாத இளம் பெண்கள். தொழிற்சாலைத் தையல் வரிசையிலே ஒருத்தி காலரைத் தைக்க அடுத்தவள் கையை இணைப்பாள். ஒருத்தி எழுந்தால் வரிசையே தடைப்படும். பிள்ளை அழுதால் கீழே வைத்துவிட்டு எழக்கூடிய வேலை என்று எதைச் சொன்னோமோ, அந்த இயல்பு அங்கே முற்றாக நீக்கப்பட்டுவிட்டது. கூலி வந்தபோது ஏணைக்கு இடம் இல்லாமற் போயிற்று. பிள்ளை பெற்றவள் வேலையை விடவேண்டும், அல்லது பிள்ளையைப் பாட்டியிடம் விடவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. உலகத்தின் மறுபக்கத்துப் பிள்ளைகளுக்கு அவள் சட்டை தைத்தாள். அவளுடைய பிள்ளைக்குச் சந்தையில் சட்டை வாங்கினாள்.

2009 இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பல்லாயிரம் எஞ்சின. வாழ்வாதார உதவி என்று அவர்களுக்கு வழங்கப்பட்டவற்றுள் தையல் இயந்திரம் முக்கியமான ஒன்று. கொடுத்தவர்கள் ஜூடித் பிரவுணின் கட்டுரையைப் படித்திருக்க வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவள் என்ன செய்ய முடியும் என்ற அதே பழைய கணக்குத்தான் அவர்களையும் அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. நற்றிணைக் காலத்துக் கைம்பெண்ணுக்கும், லம்பெத் விதவைக்கும், வங்கத்துப் பெண்ணுக்கும் நீண்ட அதே நூல் வன்னியிலும் வந்து முடிச்சிட்டது. பலருக்கு அது கைகொடுத்தது. ஆனால் ஓர் ஊரில் பலர் தையல் இயந்திரம் பெற்றால், தைக்கக் கொடுப்பவர் எத்தனை பேர் இருப்பர்? தைத்த சட்டைக்கு என்ன விலை கிடைக்கும்? இக்கேள்விகளைக் கேளாமல் இயந்திரத்தை மட்டும் கொடுத்தால், அது லம்பெத்தின் ஏழு சிலிங் கணக்கிலேதான் போய் நிற்கும்.

நேயர்களே, வீட்டுக் கைவேலையின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுதான். குழந்தையின் அழுகைக்காக இடைநிறுத்தக் கூடிய வேலை தாழ்ந்த வேலை அன்று. மனித குலம் பிழைத்திருப்பதற்கு அது ஒரு காரணம். தாயாக இருப்பதும் உழைப்பாளியாக இருப்பதும் ஒரே நாளில், ஒரே திண்ணையில் நடக்கலாம் என்பதை அது நீண்டகாலம் காட்டி வந்திருக்கின்றது. அதற்குரிய விலையை மட்டும் எந்தக் காலமும் கொடுக்கவில்லை. வீட்டில் செய்தால் அன்பு என்று சொல்லி விலையை மறுத்தோம். வெளியில் செய்தால் விலை கொடுத்துப் பிள்ளையை மறுத்தோம். இரண்டையும் ஒருங்கே மதிக்கும் ஏற்பாடு இன்னும் பிறக்கவில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டிலே, யாரோ ஒரு அம்மாவோ அம்மம்மாவோ தைத்த ஒரு குழந்தைச் சட்டை இன்னும் இருக்கக்கூடும். இருந்தால் அதைத் திருப்பிப் பிடித்து உட்புறத் தையலைப் பாருங்கள். ஓரிடத்திலே தையல் நெருக்கமாகவும் நேராகவும் ஓடியிருக்கும். வேறோரிடத்தில் சற்று விலகி, மறுபடி தொடங்கியிருக்கும். அவள் அந்த இடத்தில்தான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். அங்கே அழுத பிள்ளை நீங்களாகவும் இருக்கலாம். அந்தச் சட்டையை எடுத்து வையுங்கள்; யார் தைத்தது, எந்த ஆண்டு, எந்தப் பிள்ளைக்கு என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். லண்டன் காப்பகத்துக்குத் தெரிந்த அந்தச் சிறு வேலையை, பிரிவு நேருமுன்னரே நாமும் செய்து வைக்கலாம்.